பழைய மழையை ஓட்டிப் பார்த்தவர்

சோற்றையும் கறியையும் சேர்த்துப் பிசைந்து அவர் சாப்பிட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மத்தியானப் பார்சலைப் பிரித்தால் முதலில் பருப்போடு கொஞ்சம் சோறு. அது முடிந்த பிறகு போஞ்சிக்கறியோடு கொஞ்சம். கருவாட்டுக்குத் தனி முறை. நாங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து அள்ளிப் போட்டுக்கொண்டு அவரைக் கேலி செய்வோம். "வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே அக்கா?" என்று கேட்டால் தலை நிமிராமலே பதில் வரும்.

"நாளைக்கு வயித்து வலி வந்தா எது செஞ்சிச்சின்னு எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாது."

அக்கா என்றுதான் அலுவலகத்தில் எல்லோரும் கூப்பிட்டோம். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கு இன்னும் கொஞ்சம் புகழ் சேரும். இருக்கிற புகழே போதும். 'அவர்' என்ற மரியாதைகூட அவருக்கு அதிகம்தான். ஆனால் இத்தனை காலம் பழகிய கை, வேறு மாதிரி எழுத மாட்டேன் என்கிறது.

பதுளை டவுனில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. காலையில் படியேறும்போதே ரோஸ்பாண் வாசம் மூக்கைத் துளைக்கும். நாலைந்து பேர்தான் வேலை செய்தோம். மழையை அளக்கும் பெட்டி செய்து, மலைச்சரிவுக்குக் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் பொருத்துவதுதான் எங்கள் வேலை. பெய்யும் மழையைப் பெட்டி எண்ணிக்கொண்டே இருக்கும். மண் தாங்காத அளவுக்குப் போனால் சைரன் ஊதும். ஊதினால் சனம் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் மழை வலுத்தால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, மலையைத்தான் பார்க்கிறார்கள். கொழும்பில் உள்ள ஒரு தொண்டு நிறுவனம் இதற்கெல்லாம் செலவு செய்தது.

மடுல்சீமைப் பக்கம் என் அம்மா இருக்கும் தோட்டத்து டிவிசனிலும் ஒரு பெட்டி உண்டு. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாள், இன்னும் லயத்தில்தான் இருக்கிறாள். பதுளையில் நான் எடுத்திருக்கும் அறைக்கு வந்துவிடு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "அந்த டவுன்ல நாலு சுவத்துக்குள்ள ஒக்காந்து என்னா செய்றது?" என்று சொல்லிவிட்டாள். ஆகவே மற்றவர்களுக்கு அது ஒரு வேலை. எனக்கு அந்தப் பெட்டி, அம்மாவின் தலைக்கு மேலே இருக்கும் மலையைப் பார்த்துக்கொள்ள நான் வைத்த ஆள்.

அக்கா பதுளை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா பள்ளிக்கூட அதிபர். அக்கா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வரும் வரை போனை எடுக்க மாட்டார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம், கேட்டதில்லை. அவரிடம் ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. ஒன்றை மாற்று, பார், பிறகு மற்றதை மாற்று. புதுச் செருப்பு வாங்கிய வாரம் புதுப் பாதையில் நடக்க மாட்டார். டொக்டர் இரண்டு மருந்து எழுதிக் கொடுத்தால், "ரெண்டையும் இன்னைக்கே தொடங்கணுமா டொக்டர்?" என்று கேட்டு அவரை எரிச்சல்படுத்துவார்.

ஒரு தடவை கீழே பேக்கரி நடத்தும் நானா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைய பாண் எல்லாம் கல் மாதிரி. அக்கா படியேறப் போனவர் திரும்பி வந்து ஒரு பாணை எடுத்து அழுத்திப் பார்த்தார்.

"என்ன நானா மாத்தினீங்க?"

"மாவு புதுசு புள்ள. ஈஸ்ட்டும் புது கம்பனி. நல்ல சாமான்னுதான் சொன்னான்."

"ரெண்டையும் ஒரே நாள்லயா போட்டீங்க?"

"ஒரே நாள்லதானே வந்திச்சு?"

அக்கா அப்படியே நின்றுவிட்டார். யாரோ செத்த செய்தி கேட்டதுபோல முகம். "வந்ததுக்காக போடணுமா நானா? பழைய மாவுல புது ஈஸ்ட்டைப் போடுங்க. நாளைக்கு புது மாவுல பழைய ஈஸ்ட்டைப் போடுங்க. எவன் கள்ளன்னு தானா தெரியும்." மறுநாளே கள்ளன் யார் என்று தெரிந்தது, ஈஸ்ட்தான். அதன் பிறகு நானா எங்களுக்கு அனுப்பும் பிளேன்டீயோடு அக்காவுக்கு மட்டும் மீன் வைத்த மாலுபாண் ஒன்று சும்மா வரும்.

எங்கள் தொழிலில் இந்த மாவும் ஈஸ்ட்டும் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் இருப்பது ஒரு சின்னக் கணினி. அதை எழுப்பி, சைரன், தொடர்பு எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் அடிப்படை மென்பொருள் ஒன்று உண்டு. நாங்கள் அதைச் சிஸ்டம் என்போம். மழையைக் கணக்கிட்டு எப்போது ஊத வேண்டும் என்று முடிவு செய்யும் நிரலை நாங்கள் எழுதுகிறோம். நாங்கள் எழுதுவது எங்களுக்குப் புரியும் மொழி. அதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலர். சிஸ்டத்தின் புதிய வெளியீடு வரும்போது, கூடவே புதிய கம்பைலரும் அதே பொட்டலத்தில் வரும். இரண்டையும் ஒன்றாகவே ஏற்றிவிடுவதா, பிரித்து ஏற்றுவதா? கேட்பதற்குச் சின்ன விசயம். எங்கள் அலுவலகத்தில் இதைவிடப் பெரிய சண்டை எதற்கும் நடந்ததில்லை.

அக்கா இதைத் தோட்டத்துச் சனத்துக்கே விளங்கப்படுத்தியிருக்கிறார். எங்கள் டிவிசனில் பெட்டி பொருத்திய அன்று, மலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் கூட்டம் வைத்தோம். தோட்டத்துச் சங்கத் தலைவர் ஒருவர் எழும்பி, இந்தப் பெட்டி கெட்டுப்போனால் என்ன செய்வது என்று கேட்டார்.

"ஐயா, ஒரு வேலையா கவர்மெண்டு கச்சேரிக்குப் போனா நம்ம சொல்றதை சிங்களத்துல மாத்திச் சொல்ல ஒரு ஆள் இருப்பார்ல?" என்றார் அக்கா.

"இருந்தா இருப்பார், இல்லாட்டி இல்லீங்க." எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி, இருக்கார்னு வைங்க. பழைய ஆள், ஒங்க பேச்சு அவருக்குப் பழக்கம். இப்ப கச்சேரியையும் புதுக் கட்டடத்துக்கு மாத்தி, அந்த ஆளையும் அதே நாள்ல மாத்திட்டா? ஒங்க வேலை பிழைச்சிச்சின்னா யாரைப் பிடிப்பீங்க? கட்டடத்தையா, ஆளையா? அதனாலதான் நாங்க இந்தப் பெட்டிக்குள்ள அப்படி செய்ய மாட்டோம். கட்டடம் மாத்துனா கட்டடம் மட்டும். ஆளை மாத்துனா ஆளை மட்டும். நடுவுல ஒரு கார்த்திகை மழை போகணும்."

பிறகு அவர் சொன்னதுதான் என் நெஞ்சில் இன்றைக்கும் கிடக்கிறது. "இது ஊதினா சட்டி அடுப்புல இருந்தாலும் அப்படியே விட்டுட்டு ஓடுங்க. ஊதாட்டி நிம்மதியா தூங்குங்க. அதுக்கு நான் பொறுப்பு."

அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா சுட்ட ரொட்டியை முதலில் வெறுமனே சாப்பிட்டு, பிறகு சம்பலை வெறுமனே சாப்பிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, "டவுன் புள்ள மாதிரியே இல்ல. நம்ம வீட்டுப் புள்ள மாதிரி இருக்கு" என்றாள். பிறகு என்னைக் காணும்போதெல்லாம் முதல் கேள்வி, "அந்த அக்கா சொகமா இருக்காங்களா?" என்பதுதான். பெற்ற மகள் சுகமா என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

சிஸ்டத்தை மாற்றினால் ஒரு சோதனை, கம்பைலரை மாற்றினால் வேறு சோதனை. சிஸ்டம் மட்டும் மாறினால் பூவாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் மழைமானியில் ஊற்றிப் பார்ப்போம். பெட்டி எழும்புகிறதா, எண்ணுகிறதா, சைரன் கத்துகிறதா என்று பார்த்தால் போதும். கம்பைலர் மாறினால் அது போதாது. எங்கள் கணக்கையே அது வேறு விதமாக விளங்கிக்கொள்ளலாம். அதற்குத்தான் பழைய மழை.

முன்பு பெய்த கனத்த மழைகளின் பதிவுகளை அக்கா சேர்த்து வைத்திருந்தார். பெட்டிக்கு வானத்து மழை என்று நம்பும்படி அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டுவார். சைரனுக்குப் பதில் மேசையில் ஒரு சிவப்பு விளக்கு. பழைய நிரலில் எந்த இடத்தில் எரிந்ததோ அதே இடத்தில் எரிய வேண்டும். வேகமாக ஓட்டக் கூடாது, மழை பெய்த வேகத்தில்தான் ஓட வேண்டும். "வேகமா ஓட்டினா அது வேற மழை" என்பார். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும், அக்காவின் மேசையில் மட்டும் நாள்கணக்கில் மழை பெய்துகொண்டிருக்கும். ஒரு தடவை விளக்கு பிந்தி எரிந்தது. மாறியது கம்பைலர் மட்டும் என்பதால் அங்கும் இங்கும் ஓடாமல் நேரே அதற்குள் போய் அன்றே கண்டுபிடித்தார். அன்று எனக்கு அவர்மேல் வந்த மதிப்பை மறைத்து எழுத மாட்டேன். இந்த மனுசி இருக்கும் வரை அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன்.

கொழும்பு நிறுவனத்தின் திட்ட அதிகாரிக்கு இந்த முறையே பிடிக்காது. முட்டாளும் இல்லை அவர், நியாயமாகத்தான் பேசுவார். "அந்த சிஸ்டத்தைச் செய்றவங்க கம்பைலரையும் சேர்த்துச் சோதிச்சுத்தானே வெளிய விடுறாங்க? ஒண்ணாப் பிறந்ததைப் பிரிச்சு, புதுசுக்குள்ள பழசை வச்சு ஓட்டுறதுதான் ஆபத்து. நேரமும் வீண்" என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு, "அவங்க அவங்களோட மழையைச் சோதிச்சிருக்காங்க சேர். எங்க மழையைச் சோதிக்கல" என்றார். நான் மேசைக்குக் கீழே கையைத் தட்டிக்கொண்டேன்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது.

திட்டம் முடிந்து பெட்டிகளை அரசாங்கத்திடம் ஒப்படைக்கும் நாள் வந்தது. பழைய சிஸ்டத்துக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, ஆகவே எல்லாப் பெட்டிகளும் புதிய வெளியீட்டில் இருந்தால்தான் ஒப்படைக்க முடியும் என்று கொழும்பு சொல்லிவிட்டது. அதே நேரத்தில், அந்த நிறுவனத்தின் தலைமையகத்தில் ஒரு பெரிய பதவி காலியாக இருப்பதும் அதற்கு அக்கா விண்ணப்பித்திருப்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்களும் சந்தோசப்பட்டோம். நம்ம மலைநாட்டுப் பிள்ளை ஒன்று அங்கே போய் உட்காரட்டுமே என்றிருந்தது.

ஒருநாள் காலை அக்கா ஒரு பையில் மெமரி கார்டுகளைப் போட்டு என் கையில் தந்தார்.

"எல்லாப் பெட்டிக்கும் மாத்திட்டு வந்துரு தங்கச்சி. சிஸ்டம் மட்டும்தான் புதுசு."

"கம்பைலர்?"

"பழசுதான்."

"அப்ப பழைய மழை ஓட்டத் தேவையில்லையா?"

"அது கம்பைலருக்குத்தானே? அதைத்தான் நாம தொடலையே. தண்ணி ஊத்திப் பாத்துட்டு வந்தா சரி."

அவர் என் கண்ணைப் பார்த்துத்தான் பேசினார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூவாளியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் த்ரீவீலிலுமாகத் தோட்டம் தோட்டமாகப் போனேன். எல்லா இடத்திலும் தண்ணீர் ஊற்றினேன், எல்லா இடத்திலும் சைரன் ஊதியது. எங்கள் டிவிசனில் ஊதியபோது லயத்துப் பிள்ளைகள் கைதட்டிக் கூத்தாடின. அம்மா வாசலில் நின்றுகொண்டு, "எம்புள்ள சங்கு எப்படிச் சத்தம் போடுது பாருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டினாள். அக்கா சொன்னதைத் திருப்பிச் சரிபார்த்தாயா என்று இன்றைக்கும் சிலர் என்னைக் கேட்கிறார்கள். இல்லை. அவர் வார்த்தையைச் சரிபார்க்கத் தேவையில்லை என்று நம்பித்தானே அந்த மாடியில் இத்தனை பேர் வேலை செய்தோம்? அதை என் பிழை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கார்த்திகை மழை வந்தது. முதல் சில நாட்கள் எப்போதும் போல. பிறகு ஒரு காலையில், வானம் பொத்துக்கொண்டதுபோல ஒரே கொட்டாகக் கொட்டியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் வேலையும் நின்றுபோய் எல்லோரும் லயத்திலேயே இருந்தார்கள். சைரன் ஊதவில்லை. லயத்துக்குப் பின்னால் ஓடும் வடிகால் கானில் தண்ணீர் சிவப்பாக வரத் தொடங்கியதும் சனம் பயந்து பிள்ளைக்காம்பராவுக்குக் கிளம்பியது. பக்கத்து வீட்டுக்காரி வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"சங்கு ஊதலையே?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

"ஊதாட்டி என்னா, வாங்க போவோம்."

"நீ போ. அது ஊதாம எதுக்கு ஓடணும்? அந்த அக்காதான் அவ்வளவு சொல்லிட்டுப் போனாங்களே."

பக்கத்து வீட்டுக்காரி போன கொஞ்ச நேரத்தில் மலை சரிந்து வந்தது. பின்சுவர் விழுந்தது. சேற்றுக்குள்ளிருந்து அம்மாவை இழுத்தெடுத்தபோது இடுப்பும் ஒரு காலும் உடைந்திருந்தன. அந்த லயத்தில் அடிபட்டது அவள் ஒருத்தி மட்டும்தான். பெட்டியை நம்பாதவர்கள் எல்லோரும் தப்பிவிட்டார்கள்.

பதுளை பெரியாஸ்பத்திரியில் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது அக்கா வந்தார். கையில் ஆப்பிளும் பால்மாவும். அம்மா அவரைக் கண்டதும் அழுதுவிட்டாள். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"சங்கு ஊதலையேம்மா. ஏம்மா ஊதல?" என்று அம்மா சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

அக்கா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "மெசின்தானேம்மா. தங்கச்சியும் பாவம், அத்தனை தோட்டத்துக்கும் தனியா அலைஞ்சது. அவசரத்துல சரியாப் பாக்காம விட்டிருக்கும். நீங்க அதுகிட்ட கோவிக்காதீங்க."

அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பாவம் பார்த்த பார்வை அது. உண்மையிலேயே நான் எதையோ விட்டுவிட்டேனோ என்று அந்த நேரம் நானே நம்பிவிட்டேன்.

மறுவாரம் டிவிசனுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து கார்டைக் கழற்றிக் கொண்டுவந்தேன். எந்தக் கம்பைலர் மாற்றித் தந்தது என்ற அடையாளம் நிரலுக்குள்ளேயே பதிந்திருக்கும். திறந்து பார்த்தேன். புதிய கம்பைலர். சிஸ்டமும் புதிது, கம்பைலரும் புதிது, ஒரே பொட்டலம்.

என்ன நடந்தது என்பதும் அன்றே விளங்கிவிட்டது. இப்போது பெய்யும் மழைக்கு அதிக எடை கொடுத்துப் பெருக்கிக் கூட்டுவது எங்கள் கணக்கு. அந்தக் கூட்டுத்தொகையை வைக்கும் இடத்துக்கு ஓர் எல்லை உண்டு. மழை படிப்படியாக ஏறினால் எல்லைக்கு முன்பே சைரன் ஊதிவிடும். ஒரே பாய்ச்சலில் கொட்டினால் மட்டும், பழைய லொறியின் கிலோமீற்றர் மீட்டர் சுற்றித் திரும்புவதுபோலத் தொகை கீழே விழுந்துவிடும். அதைப் பிடிக்க ஒரு வரி எழுதியிருந்தோம். கூட்டிய பிறகு தொகை குறைந்திருந்தால் உடனே ஊது. பழைய கம்பைலர் அதை அப்படியே மாற்றித் தந்தது. புதியது கெட்டிக்கார ஆள். கூட்டினால் எப்படிக் குறையும், இது தேவையில்லாத வரி என்று தானே முடிவு செய்து தூக்கிவிட்டது. மொழியின் விதிப்படி அதற்கு அந்த உரிமை உண்டு. வரியை நாங்கள் எழுதிய விதம்தான் சரியில்லை. ஆனால் பழைய மழையை ஓட்டியிருந்தால் எரிய வேண்டிய இடத்தில் மேசை விளக்கு எரியாமல் காட்டிக் கொடுத்திருக்கும். பூவாளித் தண்ணீருக்கு இது எங்கே தெரியப் போகிறது?

நான் அவர் மேசைக்குப் போனபோது மத்தியானம். பருப்புச் சோறு முடிந்து போஞ்சிக்கறிக்கு வந்திருந்தார்.

"ரெண்டையும் ஒண்ணா மாத்தினீங்களாக்கா?"

கை நின்றது. பொய் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. "பிரிச்செடுக்க நேரமில்ல. புது சிஸ்டத்துல பழைய கம்பைலர் ஓடவே மாட்டேன்னிச்சு. அவங்க தேதி குடுத்திட்டாங்க."

"என்கிட்ட ஏன் பழசுன்னு சொன்னீங்க?"

"உண்மையைச் சொல்லியிருந்தா பழைய மழையை ஓட்டணும்னு நீ பிடிவாதமா நின்னிருப்ப."

அவ்வளவுதான் சொன்னார். தன் கொள்கையைத் தன்னைவிட நான் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனாலேயே என்னை ஏமாற்றியிருக்கிறார். அந்தக் கொள்கையை நம்பாதவளாக இருந்திருந்தால் என்னிடம் உண்மையைச் சொல்லியிருப்பார். எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

கொழும்பு நிறுவனம் வைத்த விசாரணைக் கூட்டத்தில் நான் எழும்பி நடந்ததைச் சொன்னேன். அக்கா குறுக்கிடாமல் கேட்டார். "அம்மாவுக்கு இப்படி ஆனதில தங்கச்சி மனசு உடைஞ்சு போயிருக்கா. அவ பேசுறதை யாரும் பெரிசா எடுக்காதீங்க" என்று எனக்காகப் பரிந்து பேசினார். நான் கொண்டுபோயிருந்த கார்டைத் திறந்து காட்டு என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. பிறகு எழும்பி, கம்பைலரையும் சிஸ்டத்தையும் ஏன் ஒருபோதும் சேர்த்து மாற்றக் கூடாது என்று எல்லோருக்கும் விளங்கப்படுத்தினார். கச்சேரி, மொழிபெயர்ப்பவர், புதுக் கட்டடம் எல்லாம் வந்தது. ஒரு கார்த்திகை மழையும் வந்தது. தோட்டத்துக்குப் போய்ப் பொருத்தியவர்களின் சோதனை போதாது என்றும், இனிமேல் இந்த முறையைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் சொல்லி முடித்தார். கொழும்பு அதிகாரி உட்பட எல்லோரும் கைதட்டினார்கள். தலைமையகப் பதவி அக்காவுக்கே கிடைத்தது. பேக்கரி நானா அவருக்குக் கேக் செய்து அனுப்பினார்.

எனக்கு இன்னும் பொறுக்க முடியாதது என்ன தெரியுமா? அவர் சொன்னது சரி. இன்றைக்கு எல்லா மாவட்டத்திலும் அவருடைய விதிதான். புது வெளியீடு வந்தால் சிஸ்டம் தனி, கம்பைலர் தனி. நானும் அப்படியேதான் செய்கிறேன். வேறு முறை எனக்குத் தெரியாது, இருந்தாலும் செய்ய மாட்டேன். எங்கள் டிவிசன் பெட்டிக்கு அந்த வரியைத் திருத்தி எழுதி, நாள்கணக்கில் உட்கார்ந்து பழைய கம்பைலரைப் புது சிஸ்டத்தில் ஓடவைத்து, அதிலேயே மாற்றி, எல்லாப் பழைய மழையையும் ஓட்டினேன். அம்மாவை அடித்த மழையையும் சேர்த்து ஓட்டினேன். விளக்கு எரிந்தது. அன்று நான் மேசையில் தலை வைத்து அழுதேன்.

இடிந்த லயத்துக்குப் பதில் தனி வீடு வரும் வரும் என்கிறார்கள். அதுவரை அம்மா அதே டிவிசனில் இன்னொரு லயத்தில், இன்னொரு சரிவுக்குக் கீழே இருக்கிறாள். ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறாள். பதுளைக்கு வரச் சொன்னால் இப்போதும் மாட்டேன் என்கிறாள்.

இந்த முறை மழை பிடித்த ஒரு பின்னேரம். என் திரையில் எங்கள் டிவிசனின் எண் ஏறிக்கொண்டே போய் ஊத வேண்டிய அளவைத் தொட்டது. சைரன் ஊதத் தொடங்கிவிட்டது என்று பெட்டி சொன்னது. நான் அம்மாவுக்குப் போன் எடுக்கும் முன் அவளே எடுத்துவிட்டாள். போனுக்குள் சைரன் சத்தம் காதைக் கிழித்தது.

"ஏ புள்ள, சங்கு ஊதுது."

"ஆமாம்மா, எனக்கும் காட்டுது. கெளம்பு."

"நெசமாத்தான் ஊதுதா? இல்ல கெட்டுப்போயி ஊதுதா?"

"நெசம்தாம்மா. நான்தான் எல்லாம் பாத்தேன். பேசிக்கிட்டு நிக்காத."

அவள் கிளம்புவதாகத் தெரியவில்லை. பிறகு, என் மனம் நோகக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துப் பேசும் குரலில் கேட்டாள்.

"கோவிச்சுக்காத தங்கம். அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன். அவங்க சொன்னா போயிருவேன்."

திரையில் எண் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

"கேட்டுட்டேன்மா," என்றேன். "அவங்கதான் ஒன்னை ஒடனே போகச் சொன்னாங்க."

"அப்படியா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றாள் அம்மா. போனை அணைக்காமலே, அக்கா சொல்லிவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கினாள்.